எலுமிச்சம்பழம் கட்டிய நூல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மட்டமான இடம் என்று தேடினால், மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கும் சிமெந்துத் தரை ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அதனால்தான் அப்பா அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் தன் பழைய மொரிஸ் மைனர் காரை அம்மனுக்கு நேரெதிரே கொண்டுவந்து நிறுத்தினார். பக்தி காரணம் எதுவும் இல்லை.

அப்பா கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தார். எப்போதாவது வருவார். என் தம்பி அவரை விருந்தாளி என்றே நினைத்திருந்தான். இனிமேல் எங்களோடு இருந்து வாடகைக்கு ஹயர் ஓட்டலாம் என்றுதான் அப்பா அந்தக் காரை வாங்கினார். மறுநாள் காலை முதல் ஹயர், ஹட்டனுக்கு ஒரு கல்யாண மாப்பிள்ளை. காரோ கையை விட்டால் இடது பக்கம் இழுத்தது. எங்கள் பாதையில் இடது பக்கம் பள்ளம். இத்தனை பழைய வண்டியின் சக்கர அளவு தங்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்று டவுன் கராஜில் கைவிரித்துவிட்டார்கள். இது சரிவராவிட்டால் திரும்பக் கொழும்புக்கே போவதாக அப்பா சொல்லியிருந்தார்.

கைபேசியில் ஒரு சிங்கள வீடியோவைப் பார்த்துப் பார்த்து, மண் நிரப்பிய பெயின்ட் டின்களில் கம்பி நட்டு, காரின் இரண்டு பக்கமும் வெள்ளை நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினார். நூலிலிருந்து சக்கரத்தின் முன்விளிம்பு எவ்வளவு, பின்விளிம்பு எவ்வளவு என்று அளந்தார். முன்விளிம்பு ஒரு தீக்குச்சி கனம் உள்ளே இருக்க வேண்டுமாம். என்னால் பொறுக்க முடியவில்லை. நேராக ஓட வேண்டிய சக்கரத்தை எதற்குக் கோணலாக வைப்பது என்று கேட்டேன்.

"நிக்கிறப்ப கொஞ்சம் உள்ளுக்குப் பார்த்து நின்னாத்தான் பிள்ள, ஓடுறப்ப நேராகும்" என்றார். எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தேன்.

ஸ்பேனர் எடுக்கவும் அப்படியே ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவும் அப்பா லயத்து வீட்டுக்குப் போனார். காவலுக்கு நான். அந்த நேரம் பார்த்து வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா நூலைப் பார்த்துவிட்டு, "என்னாடி இது?" என்று கேட்டார்.

"கார் நேரா ஓடுறதுக்கு அப்பா கட்டுனாரு பெரியம்மா."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மனுக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, வண்டிக்கு இரண்டு பக்கமும் நூல். இதற்கு மேல் பெரியம்மாவுக்கு என்ன விளக்கம் வேண்டும்? மஞ்சளைக் குழைத்து நூல் முழுக்கத் தடவினார். பூசைக்குக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தையும் அதில் கட்டித் தொங்கவிட்டார். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு பழம் ஏறியது. நூல் தொய்ந்தது, கம்பிகள் உள்ளே சாய்ந்தன. எங்கள் காருக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பூரித்துப் போய் நின்றேன்.

அம்மாவோடு திரும்பி வந்த அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் ஏதோ தப்பு என்று விளங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"நல்லதுக்குத்தானே தம்பி கட்டுனோம்" என்றார் பெரியம்மா, முகம் வாடி.

அப்பா தொய்ந்த நூலை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு, "நல்லதுதாங்க அக்கா. நூலு தொய்ஞ்சா அளவு தப்பிருமே, அதுதான்" என்றார்.

பழங்கள் அம்மனிடம் போயின. அப்பா நூலை மறுபடி கட்டினார். பூசை முடிந்தும் பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. பனிமூட்டம் இறங்கிய நேரத்தில் ஆளுக்கொரு டின்னை அசையாமல் பிடித்துக்கொண்டார்கள். அப்பா காருக்கு அடியில் படுத்துத் திருகினார், காரை முன்னும் பின்னும் தள்ளச் சொன்னார், அளந்தார், மறுபடி திருகினார். பெரியம்மா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடியே இருந்தார்.

கடைசியில் என்னையும் ஏற்றிக்கொண்டு தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போகும் நேர்ப்பாதையில் காரை விட்டார். மெதுவாக ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வந்து சொன்னதும் பெண்கள் கைதட்டினார்கள். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனி நீ கொழும்புக்குப் போகத் தேவையில்லதானே தம்பி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பாவும் சலிக்காமல் "இல்லக்கா" என்றார்.

எங்கள் கார் நேராக ஓடியதற்கு இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பெரியம்மாவின் மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தான், போன தீபாவளிக்கும் வரவில்லை. பழம் கட்டிய மற்றவர்கள் வீட்டிலும் புருஷனோ பிள்ளையோ அங்கேதான். அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அப்பா ஊரில் நிலைத்துவிட்டால், அவரைப் பார்த்துத் தங்கள் வீட்டு ஆளும் ஒருநாள் வந்துவிடுவான் என்று அவர்கள் வேண்டிக்கொண்டதுதான் அப்போது தெரியாது.