பூட்டிய கதவில் ஒட்டிய சம்மன்

தாயாரம்மாளின் வீடு பறிபோனதில் எனக்குப் பங்கு உண்டு. அவள் இருக்கும் ஊர் எனக்குத் தெரிந்திருந்தும், தெரியாது என்று, ஜூனியர் வக்கீலாக இருந்தபோது, ஓர் அபிடவிட், அதாவது பிரமாணப் பத்திரம், எழுதினேன். பிறகு அவளே வந்து கேட்டபோது ஒரு பொய்யும் சொன்னேன். முதலாவது கோர்ட்டில் நடந்தது, இரண்டாவது தெருவில். தெருவில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களும், வாடகை வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

1. யாருடைய அபிடவிட்?

யுத்தத்தில் சிங்கப்பூர் ஜப்பான்காரர் கையில் விழுந்த பிறகு சென்னைப் பட்டணத்திலும் குண்டு விழும் என்ற பயம் வந்தது. மயிலாப்பூரில் எங்கள் சந்தில் பாதி வீடுகளுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. எங்கள் வீட்டுக்கு எதிரே ஓர் ஓட்டு வீட்டில் தாயாரம்மாள் குடியிருந்தாள். புருஷன் இல்லை. தியாகராய நகரில் ஒரு பங்களாவில் ஆயா வேலை. ஒரே மகன் ஏகாம்பரம் பட்டாளத்தில் லாரி டிரைவராக மலேயாவுக்குப் போனவன். சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து அவனைப் பற்றித் தகவல் இல்லை.

பங்களாக் குடும்பம் கும்பகோணத்துக்குக் கிளம்பியபோது அவளையும் அழைத்தார்கள். கிளம்பும் அன்று காலை எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"சாமி, நீங்க இங்கதானே கீறீங்க?"

"எங்கே போறது? இங்கேதான்."

"புள்ள வந்தா இந்த ஊட்டுக்குத்தான் வருவான். வேற எடம் அவனுக்குத் தெரியாது. நான் எஜமானரோட கும்பகோணத்துல கீறேன்னு சொல்லுங்க. பூட்டப் பாத்துட்டு, அம்மா செத்துப்போச்சுன்னு நெனச்சிக்கினு போயிடப் போறான்."

சொல்கிறேன் என்றேன். நாலடி நடந்தவள் திரும்பிப் பார்த்து, "குண்டு போட்டா அந்தச் சட்ட பொஸ்தகத்தத் தலமேல வெச்சிக்கினு படுங்க சாமி. நல்லா கனமாத்தான் கீது" என்று சிரித்தாள்.

பயம் தணிந்து ஜனங்கள் திரும்பத் தொடங்கியதும் வீடுகளுக்குக் கிராக்கி ஏற்பட்டது. அந்த ஓட்டு வீட்டின் சொந்தக்காரர் விறகுத் தொட்டி வைத்து விறகு விற்றவர். என் சீனியரின் பழைய கட்சிக்காரர். தாயாரம்மாள் வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்டுப் போனவள், பாக்கி வைத்தவள் அல்ல. வீடு தமக்கு வேண்டும் என்றுதான் வழக்குப் போட்டார். சம்மனைக் கொண்டுபோன கோர்ட் சேவகன், அமீனா, வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதித் திருப்பிவிட்டான். அப்படித் திரும்பினால், எதிர்க்கட்சி எங்கே இருக்கிறார் என்று விசாரித்தும் தெரியவில்லை என்று பிரமாணம் செய்து, சம்மனைக் கதவில் ஒட்ட உத்தரவு வாங்கலாம். அந்த அபிடவிட்டை எழுதும் வேலை எனக்கு வந்தது.

"அவ இருக்கிற இடம் எனக்குத் தெரியும் சார். கும்பகோணத்துல இருக்கா" என்றேன்.

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குன்னா தெரியும். கட்சிக்காரருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"கையெழுத்துப் போடப் போறது யாரு?"

"அவர்தான்."

"அப்புறம் என்னடா? நீயா சாட்சி சொல்லப் போறே? எழுதிண்டு வா, நாழியாறது."

எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கட்சிக்காரருக்கு உண்மையிலேயே தெரியாது, தெரிந்தவனை அவர் கேட்கவில்லை, தெரிந்தவன் சொல்லவில்லை. அப்போது அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகக்கூடப் பட்டது.

சம்மனை ஒட்டினார்கள். எங்கள் வாசலில் நின்றால் அந்தக் காகிதம் காற்றில் அடித்துக்கொள்வது தெரியும். ஒரு மழையில் பாதி கரைந்துபோயிற்று. கோர்ட்டில் தாயாரம்மாளின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. எதிர்க்கட்சி வராமலே தீர்ப்புச் சொல்லும் எக்ஸ்பார்ட்டி உத்தரவு ஆயிற்று. அமீனா வந்து பூட்டை உடைத்தான். ஒரு தகரப் பெட்டி, நாலு பாத்திரம், ஒரு பாய், ஏகாம்பரத்தின் பழைய சைக்கிள், எல்லாம் விறகுத் தொட்டியின் மூலைக்குப் போயின.

2. தெருவில் சொன்ன யோசனை

சில வாரங்களில் அவள் திரும்பி வந்தாள். தெப்பக்குளத்து மூலையில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கையில் துணி மூட்டை.

"சாமி, என் ஊட்டுல வேற யாரோ கீறாங்க. கேட்டா கோர்ட்டு குடுத்துச்சின்றாங்க. இன்னா சாமி இது? நான் யார் குடிய கெடுத்தேன்?"

"கேஸ் போட்டிருந்தா. நீ வரலை. உத்தரவு ஆயிடுத்து."

"எனுக்கு யாருமே சொல்லலியே. இப்ப இன்னா செய்யறது? நீங்க வக்கீலாச்சே, ஒரு வழி சொல்லுங்க."

வழி இருந்தது. சம்மன் சரியாகச் சேராமல் எக்ஸ்பார்ட்டி உத்தரவு ஆகியிருந்தால், விஷயம் தெரியவந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மனுப் போட்டு அதை ரத்து செய்யச் சொல்லலாம். அவளுக்குத் தெரியவந்தது அன்று காலைதான். முழு முப்பது நாளும் அவள் கையில் இருந்தது.

ஆனால் மனுப் போட்டால் முதல் கேள்வி அபிடவிட்டைப் பற்றித்தான் வரும். 'போற எடத்த இந்தச் சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்' என்று கூண்டில் ஏறி என்னைக் கைகாட்டுவாள்.

"காலம் கடந்துபோச்சு தாயாரம்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் வாதாடவில்லை. வக்கீல் சொன்னால் அதுதான் சட்டம் என்று நம்பினாள். "புள்ள வந்தானா சாமி?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. விலாசம் மாறியதாகத் தபாலாபீஸில் எழுதிக் கொடுத்தால் கடிதங்கள் புது இடத்துக்கு வரும் என்ற சின்ன யோசனையைக்கூடச் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு முன்னாலிருந்து போனால் போதும் என்றிருந்தது.

'நான் எதிர்க்கட்சிக்கு வக்கீல், உனக்கு யோசனை சொல்லக் கூடாது, வேறு வக்கீலைப் பார்' என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். தொழில் தர்மமும் அதுதான். அவள் பிழைத்திருப்பாள்.

3. ஏகாம்பரம்

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் சென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டு வாசலில் எலும்பும் தோலுமாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஏதோ சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"சாமி, அம்மா எங்க?"

"தெரியாது" என்றேன். அபிடவிட்டில் எழுதிய அதே வார்த்தை. இந்தத் தடவை உண்மை.

"நான் உசுரோட கீறேன்னு ரெண்டு காயிதம் போட்டேன். ரெண்டும் திரும்பி வந்துடுச்சி. சரி, அட்ரஸ் தப்பா எழுதிட்டேனோன்னு நெனச்சேன்."

அவனோடு நானும் தேடக் கிளம்பினேன். தியாகராய நகர் பங்களாவின் வாட்ச்மேன், பிறகு அவள் வேலைக்குப் போன அடையாற்று வீட்டைச் சொன்னார். அங்கே சமையல்கட்டில் வேலை பார்த்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு, வெகுநேரம் ஏகாம்பரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் மலேயா போன புள்ளையா? முன்னெல்லாம் லீவு குடுத்தா ஒடனே மயிலாப்பூரு போயி அந்த ஊட்டப் பாத்துட்டு வரும்ப்பா. குடித்தனக்காரங்க வெரட்டுவாங்களாம், எதுர்ல கீற வக்கீலு சாமி கோர்ட்டுக்குப் போயிருக்குமாம். அப்பறம் காலு வீங்கிப் போச்சி. போன மழையில பெரியாஸ்பத்திரியில சேத்தோம். ஊடு எங்கன்னு கேட்டதுக்கு அந்த மயிலாப்பூரு ஊட்டையேதான் சொல்லிச்சாம். நான் மறுவாரம் போயி கேட்டா, ஊட்டுக்கு ஆள் அனுப்பினோம், அப்டி யாரும் இல்லன்னு சொல்ட்டாங்கோ, நாங்களே அடக்கம் பண்ட்டோம்னாங்க."

மகன் உயிரோடிருப்பதாகச் சொன்ன கடிதங்களும், தாய் இறந்ததாகச் சொல்ல வந்த ஆளும், ஒரே வாசலிலிருந்து திரும்பிப் போக நேர்ந்திருக்கிறது.

திரும்பும் வழியில், அடையாற்றுப் பாலத்தில், அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அபிடவிட்டை, முப்பது நாளை, தெப்பக்குளத்து மூலையில் சொன்ன பொய்யை. கோர்ட்டில் வந்து நானே பிரமாணம் செய்கிறேன், வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்றேன்.

"ஊடு எதுக்கு சாமி இப்ப?" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அம்மா ஒங்கள ரொம்ப நம்பிச்சி" என்றான். தகரப் பெட்டியை விறகுத் தொட்டியிலிருந்து நானே தலையில் தூக்கி வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். எங்கள் வீட்டுக்குள் வரச் சொன்னேன். வரவில்லை.

சீனியரை விட்டு விலகினேன். விலகிய காரணத்தைச் சொன்னபோது, "இதுக்கெல்லாம் அழுதா நீ எப்படிடா பொழைப்பே?" என்றார். அவர் சொன்னது சரி. தொழில் பெரிதாக வளரவில்லை. சாயங்காலங்களில் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து, குடியிருப்பவர்கள் கொண்டுவரும் நோட்டீஸ்களைப் படித்துச் சொன்னேன். யார் வந்தாலும், எதிர்க்கட்சி யார் என்று கேட்டு, அவருக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தைத் தொடுவேன். படிக்கிறவர்களுக்கும் அதுவே என் யோசனை. வக்கீலிடம் வழி கேட்பதற்கு முன், அவர் யாருக்கு வக்கீல் என்று கேளுங்கள். முடிந்துபோயிற்று என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரையும் கேளுங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனால் சொந்தக்காரருக்கும் தபாலாபீஸுக்கும் போகிற இடத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.

ஏகாம்பரம் பஸ் டிரைவரானான். ஆரம்பத்தில் நான் ஏறினால் முன்னால் பார்த்தபடியே ஓட்டுவான். பிறகு, அவனுடைய பஸ் என்றால் நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிடுவேன்.

சில வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், தேனாம்பேட்டையிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். கையில் கிழிந்த சம்மன்.

"அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு நேத்துதான் வந்தேன். கதவுல இது ஒட்டிக்கீது. கேசே முடிஞ்சிபோச்சின்றாங்க. டிரைவர் ஏகாம்பரம் அண்ணன்தான் ஒங்ககிட்ட போவச் சொன்னாரு."

"அவர் வரலையா?"

"கூப்ட்டேன். வர மாட்டேன்ட்டாரு. ஆனா வேற யாராண்டயும் போவாத, அந்தச் சாமியாண்டயே போன்னாரு."

அவளை உட்காரச் சொன்னேன். சம்மனில் இருந்த சொந்தக்காரர் பெயரைப் பார்த்தேன். அவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். பிறகு, தெப்பக்குளத்து மூலையில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

"பயப்படாதீங்கம்மா. இன்னும் நாள் இருக்கு."