கதிர்காமத்துக்குப் போகாத சட்டை

போனவர்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். போகாதவர்கள் இரண்டு பேர்: அக்காவும் அக்கா வீட்டுக்காரரும். யாருடைய உயிருக்காக அம்மா நேர்ந்துகொண்டாளோ, அந்த மச்சான்தான் வரவில்லை. பாஸ்போர்ட்டுக்குக்கூட அவர் எழுதிப் போடவில்லை.

"என்னயப் பொழைக்க வச்சது மதுர பெரியாஸ்பத்திரி நர்சம்மா. அவுக வீடு உசிலம்பட்டிப் பக்கம். பஸ்ல போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருவேன். அதுக்கு எதுக்கு அத்தை பிளேனு?" என்றார்.

"வாயக் கழுவுங்க மருமகனே. சாமிக்குச் சொன்னது சொன்னதுதான்" என்றாள் அம்மா.

அவருக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் இதை நீட்டினால் யாரும் நின்று கேட்கமாட்டார்கள். அவரவர் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது. போன சீசனில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் இருந்த ஆளை மாற்றிவிட மச்சான் போனார். டெரிலின் சட்டை உரசினால் பொறி தட்டும், அதோடு உள்ளே வரக்கூடாது என்று போர்மேன் விரட்டினார். மச்சான் திரும்பிப் போய், சட்டையைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டினார். மாட்டிவிட்டுத் திரும்பி நடந்து வரும்போதே அறை வெடித்துப் போய்விட்டது. கையிலும் நெஞ்சிலும் தோல் இல்லாமல் முப்பத்தெட்டு நாள் கிடந்துதான் எழுந்தார். சட்டை மரத்தில் அப்படியே தொங்கியது. ஊதா நிறம், பையில் ஒரு பேனா மூடி, தொங்கிய இரண்டு கையிலும் மருந்துத் தூசி.

அச்சங்குளம் கம்பெனியில் அம்மாவோடு பட்டாசுச் சரம் பின்னுகிற ஒரு அக்கா, சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். "கதிர்காமத்துக்கு நேந்துக்க. அந்தச் சட்டையில கெட்ட நேரம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அங்கன மாணிக்க கங்கைன்னு ஆறு. அதுல விட்டுட்டு முங்கி எந்திரி" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சட்டையை யாரும் தொடக்கூடாது, துவைக்கக்கூடாது. மஞ்சள் துணியில் சுற்றி, கூடவே ஒரு சின்ன மஞ்சள் துண்டில் பதினொரு ரூபாய் முடிந்து, அரிசிப் பானைக்கு மேலே எட்டு மாதம் வைத்திருந்தாள்.

நான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். மதுரையில் ஒரு கம்பெனியில் கணினி வேலை. கூரையைக் கான்கிரீட்டாக மாற்ற இரண்டு வருடமாகச் சேர்த்த காசு என்னிடம் இருந்தது. அந்தக் காசில்தான் போனோம். பக்தியில் நான் அதை எடுத்துக் கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். மறுத்தால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள்; சாப்பிடுவதை மட்டும் நிறுத்துவாள். அதற்குப் பயந்து கொடுத்தேன்.

விருதுநகரில் ஒரு டூர்க்காரர். 'ஆன்மிகச் சுற்றுலா, நான்கு நாள், ஏழு தலம், வீட்டுச் சாப்பாடு' என்று வழுவழுப்பான தாளில் அச்சடித்த நோட்டீஸ். ஏழு தலத்தின் படத்தையும் விடப் பெரிதாக அதில் இருந்தது டூர்க்காரரின் படம். நெற்றியில் அவ்வளவு திருநீறு பூசிய ஒருவரிடம் இருபது சதவீதம் தள்ளுபடி கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு விலை சொல்லக் கூச்சமாக இல்லை.

குழுவில் இருபத்திரண்டு பேர். அதில் சிவகாசிக்காரர் ஒரு பட்டாசு முதலாளியும் அவர் வீட்டம்மாவும். மச்சான் வெந்த கம்பெனி அவர்களுடையது அல்ல. அவர்களுடையது அதைவிடப் பெரியது. மதுரை விமான நிலைய வாசலில் அந்த அம்மாள் என் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "எந்தக் கம்பெனி வேல?"

அம்மா உடனே எழுந்து நின்றாள். அச்சங்குளம் என்றாள்.

"பரவால்லியே, வெளிநாடெல்லாம் வர்றீங்க. எங்க ஆளுக சம்பளம் பத்தலன்னு கொடி பிடிக்கிறாக" என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து நான் படித்ததெல்லாம் அந்தச் சிரிப்பு ஒரு நாள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். நிற்கவில்லை.

சோதனை வரிசையில் எங்களோடு அவர்களையும் நிறுத்தினார்கள். அங்கே ஒரு சின்னத் துணிப்பட்டையால் பையையும் கையையும் துடைத்து, ஒரு பெட்டிக்குள் செருகிப் பார்க்கிறார்கள். வெடிமருந்து பட்டிருந்தால் பெட்டி கத்தும். முதலாளியின் கை, கத்தவில்லை. அவர் வீட்டம்மாவின் கை, கத்தவில்லை. அவர்களுடைய மூன்று பெட்டிகள், கத்தவில்லை. பதினைந்து ஏக்கரில் வருடம் முழுக்க வெடி செய்து விற்கிற குடும்பம். ஒரு துளி மருந்து கிடையாது. பச்சைப் பிள்ளையின் கையைப் போலச் சுத்தம். அடுத்தது அம்மா. பெட்டி கத்திய கத்தில் குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது.

முந்தின நாள் வரை சரம் பின்னிய கை. கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். மூன்று முறை கழுவினாள். மூன்று முறையும் கத்தியது. முதலாளி வீட்டம்மா எங்களைத் தெரியாதவர் மாதிரி நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

பிறகு பையைத் திறந்தார்கள். மஞ்சள் துணி வெளியே வந்தது. அதற்குள் சட்டை.

அந்த அதிகாரி வடக்கத்திக்காரர், கோபக்காரர் இல்லை. "சிவகாசி?" என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். இது அவருக்குப் பழக்கம் போலிருந்தது. எங்கள் முகவரி, பாஸ்போர்ட், என் கம்பெனி அடையாள அட்டை எல்லாம் எழுதி வாங்கி, முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, கடைசியில் ஆங்கிலத்தில் சொன்னார்: நீங்கள் போகலாம், இந்தத் துணி போகாது. கையை வைத்துவிட்டுப் போகச் சொல்ல முடியாதல்லவா, அதனால் சட்டையை.

"என்னலே சொல்றாரு?" என்றாள் அம்மா.

விமானத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. டூர்க்காரர் தூரத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இது யாருடைய சட்டை, எந்த ஆற்றுக்குப் போகிறது என்று அந்த மனிதரிடம் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருந்தது. நான் சொல்லவில்லை. பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கும் என்று நினைத்தேன். பதினொரு ரூபாய் முடிச்சை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, சட்டையை அவர் காட்டிய குப்பைப் பெட்டியில் நானே போட்டேன். உள்ளே லைட்டர்கள், தண்ணீர் பாட்டில்கள், யாருடையதோ ஒரு ஊறுகாய் டப்பா.

"கையில கொண்டு போகக் கூடாதாம்மா. கீழ, பெரிய பெட்டிகளோட போட்டு அனுப்புறாங்க" என்றேன்.

"பத்திரமா வருமா?"

"வரும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் போட்டது எந்தப் பெட்டி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இலங்கையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அழகான நாடு, அதை எங்களுக்குக் காட்டிய விதம்தான் கேவலம். ஒரு பாறையின் குழியைக் காட்டி அனுமார் பாதம் என்றார்கள். அதற்கு மேலே சின்னதாக இன்னொரு குழி. அது எது என்று கேட்டேன். அதுவும் பாதம்தான், அவர் முதலில் சின்ன உருவத்தில் வந்தார் என்றார் வழிகாட்டி. சீதை உட்கார்ந்த இடம், சீதை அழுத இடம், சீதை குளித்த இடம், அதையொட்டித் தேயிலைக் கடை. தலத்துக்குப் பதினைந்து நிமிடம், தேயிலைக் கடைக்கு ஐம்பது நிமிடம், ரத்தினக் கடைக்கு ஒன்றரை மணி நேரம். ரத்தினக் கடையில் முதலாளி ஒரு நீலக்கல் வாங்கினார், சனி பார்வைக்காக. கம்பெனி விபத்து இல்லாமல் ஓட வேண்டுமாம். அந்தக் கல்லின் காசுக்கு மருந்தறைகளுக்கு இடையே கூடுதலாகப் பத்தடி இடம் விட்டிருக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அதெல்லாம் அவுக பாத்துக்குவாக" என்றார் அப்பா. இருபத்தேழு வருடமாக அப்பா இதைத்தான் சொல்லி வருகிறார். அவுகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஓட்டலிலும் அம்மா கேட்பாள், "சட்ட வந்துருச்சா?"

"கொழும்புல இருக்கும்மா, கதிர்காமத்துக்கு நேரா அனுப்பிருவாங்க."

பொய்யைச் சொல்லச் சொல்ல அது எனக்கே ஒரு கூரியர் கம்பெனி மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை கதிர்காமம். மாணிக்க கங்கையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். குடும்பம் குடும்பமாக மூழ்கி எழுந்து, ஈரத்தோடு பழத்தட்டை ஏந்திக் கோயிலுக்கு நடக்கிறார்கள். அம்மா படியில் நின்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்தக் கைக்கு இனிமேல் சொல்லப் பொய் இல்லை.

"மதுரையிலயே வாங்கிட்டாங்கம்மா. மருந்து இருக்குன்னு மெசின் சொல்லிருச்சு."

"வாங்கி?"

"குப்பைல போடச் சொன்னாங்க."

"போட்டது யாரு?"

"நான்தான்."

அம்மா கத்தவில்லை. படியில் உட்கார்ந்தாள். "ஏலே, அங்கனயே சொல்லியிருந்தா நான் அங்கனயே திரும்பியிருப்பேன்ல. எம்புட்டுக் காசு மிச்சம்."

அப்பா, "விடு, முங்கிட்டு வா" என்றார்.

"சட்ட இல்லாம நான் எதுக்கு முங்கணும்? எங்கிட்ட என்ன அழுக்கா இருக்கு?"

ஈரச்சேலையோடு வந்த முதலாளி வீட்டம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "இதுக்கா இம்புட்டு ரோசன? அந்தக் கடையில ஒரு சட்டை வாங்கி விடுங்க. சாமிக்கு மனசுதான் முக்கியம். எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

அம்மா உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை எழுந்து நிற்கவில்லை.

"உங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்மா. ஒருத்தன் போனா இன்னொருத்தன் வருவான். எனக்கு மருமகன் ஒருத்தர்தான்."

அந்த அம்மாள் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் படித்துக் கிழித்தும் என் வாயில் வராத ஒன்றை, கைநாட்டு வைக்கிறவள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சொன்னாள்.

கோயிலுக்குள் நானும் அப்பாவும் மட்டும் போனோம். அங்கே சாமியைப் பார்க்க முடியாது. முன்னால் ஒரு திரை, திரையில் தீட்டிய முருகன். நாங்கள் ஊரில் காலண்டரில் பார்க்கிற அதே முருகன். அம்மாவிடம் வந்து சொன்னேன். "மூடி வச்சிருக்காங்களா? அப்பச் சரி. அவருக்கும் என்னயப் பாக்க வெக்கம்" என்றாள். பதினொரு ரூபாய் முடிச்சை என்னிடமிருந்து வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்; அங்கே உண்டியலில் போடவும் மறுத்துவிட்டாள்.

திரும்பி மதுரையில் இறங்கினோம். வெளியே வேன் நின்றது. அம்மா வேனில் ஏறாமல், புறப்பாடு என்று எழுதியிருந்த பக்கமாக நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"எந்தப் பெட்டி?"

"உள்ளம்மா. இங்க இருந்து பாக்க முடியாது. அன்னைக்கே காலி பண்ணியிருப்பாங்க."

"பண்ணட்டும். இங்கனதான போச்சு?"

"இங்கனதான்."

கண்ணாடிக் கதவைப் பார்த்து நின்று கைகூப்பினாள். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு மடியிலிருந்து முடிச்சை எடுத்து, கதவோரம் இருந்த பூந்தொட்டி மண்ணில் விரலால் குழி பறித்துப் புதைத்தாள். காவலுக்கு நின்ற இளைஞன் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு கிட்டே வந்தான்.

"என்னம்மா பண்றீங்க?"

"நேத்திக்கடன் தம்பி. முடிஞ்சு போச்சு."

அவன் தமிழ்ப் பையன். மண்ணைக் கிளறிப் பார்த்தான். மஞ்சள் துணியில் ஒரு பத்து ரூபாய் நாணயமும் ஒரு ரூபாயும். திரும்ப மூடிவிட்டு, "சீக்கிரம் போங்கம்மா" என்றான். அந்த நாலு நாளில் நான் கண்ட ஏழு தலத்திலும் அவனளவுக்கு மரியாதை தெரிந்த பூசாரியைப் பார்க்கவில்லை.

வீட்டில் மச்சான் முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். தழும்பேறிய விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தார்.

"அது சாத்தூர்ல எடுத்த சட்ட மாப்ள. முந்நூத்தம்பது ரூவா. ஒரு மாசம்தான் போட்டிருப்பேன்."

"அதையும் கணக்குல சேத்துக்கலே. மருமகனுக்குக் குடுத்துரு" என்றாள் அம்மா.

டூர், பாஸ்போர்ட், வேன், பழத்தட்டு, வழிகாட்டிக்குக் கொடுத்தது எல்லாமாக ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். பூந்தொட்டியில் பதினொன்று. சட்டைக்கு முந்நூற்றைம்பது. ஆக மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து நூற்றுப் பதினொரு ரூபாய்.