மஞ்சள் துணி கட்டிய மாமரம்

என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் படப்பையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஊரைச் சுற்றி மாந்தோப்பு. உதிர்ந்த காயை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தின்னலாம் என்பது அங்கே வழக்கம். ராஜகீழ்ப்பாக்கத்து அடுக்குமாடியில் மூன்று தொட்டிச் செடிகளோடு வளர்ந்த எனக்கு, எட்டு வயதுக் கோடை விடுமுறையில் அந்த ஊரையே எழுதிக் கொடுத்துவிட்டது போலிருந்தது.

கிணற்றடி மரத்தில் மட்டும் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். நல்ல சரக்குக்குத்தானே அடையாளம் வைப்பார்கள் என்று என் கடைத்தெரு அறிவு சொன்னது. தாழ்ந்த கிளையில் ஒரு காயைப் பறித்துக் கடித்தேன். புளிப்பு தாங்காமல் அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

அது கன்னியம்மனின் மரம். படையலுக்கு முன் மசக்கைக்காரியைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த வருஷம் தோப்பு பூக்காது என்று ஊரே நம்பியது. மறுநாள் காலை, மாமாவின் அண்ணன் கடிபட்ட காயோடு வாசலில் வந்து நின்று பேசியபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

“யாரு வேல இது? இப்பவே சொல்லிடுங்க,” என்றார்.

அத்தனை மரங்களையும் நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. அத்தை என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“நான்தான் பறிச்சேன் மாமா. வாய்க்குப் புளிப்பா கேட்டுகினே இருந்திச்சு.”

அவருக்குக் கோபத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை. காயைத் துண்டால் துடைத்தார். “மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா,” என்றார். சற்று நேரத்தில் சேதி கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் சிரித்தபடி வந்து கேசரி கிண்டினார்கள். என் மாமா மட்டும் சிரிக்காமல் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது. கேசரியை இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றேன். அத்தைக்குப் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது என்று மெச்சிக்கொண்டேன்.

காய் பறித்ததுதான் பொய், மசக்கை நிஜம். அதற்கு முன் இரண்டு கரு கலைந்திருந்ததால், ஐந்தாம் மாதம் வரை யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று அத்தையும் மாமாவும் முடிவு செய்திருந்தார்கள். நல்லவேளையாக, மார்கழியில் தோப்பு பூக்கத் தொடங்கிய சமயம் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. அதுவரை அத்தை ஒரு நாள்கூட நிம்மதியாகக் கண் மூடவில்லை என்று பல வருஷம் கழித்து மாமா சொன்னார். நானோ கேசரி தின்ற அன்று மதியமே அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனேன்.