மூக்கக்காவின் கதவு

ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு மூக்கக்கா என்று பேர். மூக்கு பெரிது என்பதற்காக அல்ல. பதினெட்டு வருஷமாக அடுப்பருகே நின்றவள். ரொட்டி கருகப்போவதை வாசனையிலேயே முன்கூட்டிக் கண்டுபிடித்து இடப்பக்கத் தீயைக் குறைத்துவிடுவாள். அந்தத் தீ ஒரு சண்டிமாடு. எப்போது எகிறும் என்று சொல்லவே முடியாது.

போன வருஷம் மேலிடத்துக்கு அவள்மேல் திடீரெனக் கரிசனம் பொங்கியது. கண்ணாடி அறை கட்டி, ஏசி போட்டு, சுழல் நாற்காலியில் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். மூக்கு எங்கே உட்காரும் என்று ஒரு ஜீவனும் கேட்கவில்லை.

திரையில் எல்லாம் பச்சை, அடுப்பில் எல்லாம் கறுப்பு. இரண்டு முறை கருகி இரண்டு மெமோ வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் பேக்கிங் பக்கம் தள்ளிவிடுவார்கள். வீட்டில் சொன்னாள்.

"ஏசில உக்காந்து வேலை பாக்குற. இதுக்கும் பொலம்பலா?" என்றார் கணவர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலி ரொட்டித் தட்டு ஒன்றைக் கண்ணாடி அறையின் கதவிடுக்கில் மூடாதபடி செருகி வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு ரொட்டிகூடக் கருகவில்லை.

ஒருநாள் இன்ஜினீயர் சோதனைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தோடித் தீயைக் குறைத்தாள்.

"ஸ்கிரீன்ல ஒண்ணும் காட்டலையே, எப்படிங்க தெரிஞ்சுது?"

"வாசனைதான் சார். கதவு தொறந்திருக்கவே தெரிஞ்சுது. எனக்கு இந்த ரூமே வேணாம் சார். அடுப்புக்கிட்ட ஒரு ஸ்டூல் போட்டாப் போதும்."

அவர் தலையை ஆட்டி ஆட்டி அரைப் பக்கம் எழுதினார். அப்பாடா, ஒரு மனுஷனுக்காவது புரிந்ததே என்று வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு.

மூன்றாம் நாள் ஆள் வந்து கதவுக்கு ஸ்பிரிங் போட்டான். 'அறைக் கதவு சரியாக மூடுவதில்லை, அடுப்பு வாடை உள்ளே வருகிறது' என்று இன்ஜினீயர் எழுதியிருந்தாராம். அந்த ஸ்பிரிங்கின் வேகத்துக்குத் தட்டு நிற்கவில்லை. அந்த வாரமே ஒரு அடுப்பு ரொட்டி கரியானது. மூன்றாவது மெமோவில் 'கவனக்குறைவு' என்று போட்டிருந்தது.

பேக்கிங் மேஜை அடுப்பின் வாய்க்கு நேர் எதிரே, சுவரே இல்லாத இடம். முதல் நாளே வாசனை வந்துவிட்டது. அடுப்பைத் தொடும் உரிமை இப்போது அவளுக்கில்லை. ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"கருகுது தம்பி! இடப்பக்கம் குறை!"

உள்ளே இருந்த புதியவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரையைக் காட்டி, எல்லாம் பச்சைதான் என்று சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.