புள்ளிக்கு எழுதிய மனு

கணினியில் தமிழ் அடிப்பதற்கான இலவச மென்பொருள் ஒன்றின் உள்ளே நான்கு வரி என்னுடையது. ஆறாம் வகுப்பில் தேறாதவன் எழுதிய நான்கு வரி. பட்டம் வாங்கியவர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அது உட்கார்ந்திருக்கிறது. இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல் நீதிமன்றத்துக்கு எதிரே மேசை போட்டு மனு அடித்துக்கொண்டிருந்தேன். தட்டச்சுப் பள்ளியின் வாசலை நான் மிதித்ததில்லை. பழைய எந்திரம் ஒன்றை வாங்கி வைத்து நானாகவே பழகினேன். சாணார்பட்டிப் பக்கத்துச் சம்சாரி தன் கிணற்றுத் தகராறைச் சொல்லி முடிக்கும்போது இங்கே மனுவும் முடிந்திருக்கும். பக்கத்து மேசையில் ஓர் அம்மா, தட்டச்சில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவர், என்னை அண்ணே என்பார். வேகத்தில் அவர் என்னைப் பிடித்ததே இல்லை. இதைப் படித்தால் மறுப்பார், மறுக்கட்டும்.

பிறகு கணினி வந்தது. நாகல் நகரில் கணினி விற்கும் கடைக்காரர் எங்கள் இருவருக்கும் அந்த இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்.

"இதுக்குள்ள எழுதியிருக்கத யாரு வேணாலும் தெறந்து பாக்கலாம்ணே. நம்ம பூட்டு ஊருல பூட்டில்லாத சாமான் இது ஒண்ணுதான்" என்றார்.

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், தட்டச்சு எந்திரத்தில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ அங்கேயே இதிலும் இருந்தது. புள்ளி வைக்கும் முறையும் அப்படியே. எந்திரத்தில் புள்ளியை அடித்தால் உருளை நகராது. நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்து அடிக்கிற எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து விழும். ஆகவே எங்களுக்குப் புள்ளி முதலில், எழுத்து பிறகு. மென்பொருளை முதலில் செய்த புண்ணியவான் இதைத் தெரிந்து செய்திருந்தான்.

இரண்டு மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் கடைக்காரர் வந்து புதிய பதிப்பைப் போட்டுவிட்டுப் போனார். அரைமணி நேரத்தில் பக்கத்து மேசையிலிருந்து சத்தம்.

"அண்ணே, இங்கன வந்து பாருங்க! பட்டான்னு அடிச்சா என்னத்தையோ துப்புது."

திரையில் 'ப்டடா' என்று இருந்தது. என் மேசையில் மனுதாரர் 'மனுதார்ர' ஆகியிருந்தார். முதலில் அடித்த புள்ளி, பின்னால் வரும் எழுத்துக்குக் காத்திராமல் முன்னால் போன எழுத்தின் தலையில் ஏறிவிட்டது. கடைக்காரரை வரவழைத்துப் பழைய பதிப்பையே திரும்பப் போட்டோம். ஆனால் அவர் ஒரு குண்டைப் போட்டார். அடுத்து வரப்போகும் கணினிகளில் பழைய பதிப்பு ஏறாதாம்.

அதாவது, என்றைக்குக் கணினி பழுதாகிறதோ அன்றைக்கு எங்கள் இரண்டு மேசையும் காலி. ஐம்பதைத் தாண்டிய விரல்களைப் புதிதாகப் பழக்கலாம் என்றார் அந்த அம்மா. அவரே ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கே ஏலலண்ணே" என்று எழுந்துவிட்டார்.

நான் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. மென்பொருளைச் செய்பவர்களில் சென்னையில் இருந்த ஒருவரின் எண்ணைக் கடைக்காரரிடம் வாங்கிப் பேசினேன்.

"சார், அத எடுத்தது நான்தான். புள்ளி முன்னாடி வர்ற மாதிரி இருந்துச்சு. ஏன் அப்படின்னு பக்கத்துல ஒரு வரி குறிப்புகூட இல்ல. தப்புன்னு நெனச்சுத் திருத்திட்டேன்."

"தட்டச்சு எந்திரத்தத் தொட்டுப் பாத்துருக்கீகளா?"

"போட்டோல பாத்திருக்கேன் சார்."

நல்ல மனிதர். நான் விளக்கியதும் புரிந்துகொண்டார். ஆனால் தான் ஒருவர் மட்டும் முடிவு செய்ய முடியாது, மற்றவர்களும் ஒப்ப வேண்டும், அடுத்த பதிப்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றார். திரும்பச் சேர்த்தாலும், காரணத்தை அந்த இடத்திலேயே எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு இன்னொருவர் வந்து எடுத்துவிடுவார் என்றும் சொன்னார். ஓர் அடையாளம் போட்டு எழுதினால் அந்த வரியைக் கணினி படிக்காமல் தாண்டிவிடுமாம். மனிதர் மனிதருக்கு எழுதி வைக்கிற வரி.

எழுதுவதற்கு என்னை விட்டால் யார்? அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, 'மேற்படி புள்ளியானது' என்று தொடங்கி, இரண்டு பக்கத்துக்கு அடித்து மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: "சார், இவ்வளவும் அந்த இடத்தில் போட முடியாது. நாலு வரி போதும்."

என் மனுவை அதுவரை ஒருத்தரும் குறைக்கச் சொன்னதில்லை. கோபத்தோடு பக்கத்து மேசையில் அதை வாசித்துக் காட்டினேன்.

"என்னண்ணே, புள்ளிக்குப் பட்டா மாத்தி வாங்கப் போறீகளா?" என்று அந்த அம்மா சிரித்தார். "அம்புட்டையும் யாரு படிப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தாலுகா ஆபீசில் மனுவை வாங்குகிற எழுத்தர் 'பொருள்' வரியை மட்டும் பார்ப்பார். அதற்குள் அவர் மனம் முடிவு செய்துவிடும். நாளைக்கு அந்த இடத்தை அழிக்க வருகிறவரும் அப்படித்தான் வருவார், கையில் அழிப்பானோடு. அவருக்கு எழுதினேன்:

'புள்ளியை முதலில் அடிப்பது பிழை அல்ல.
தட்டச்சு எந்திரத்தில் புள்ளியை அடித்தால் உருளை நகராது. அடுத்த எழுத்து அதன் கீழே விழும்.
எந்திரத்தில் பழகிய விரல் இந்த வரிசையில்தான் போகும்.
இதை நீக்கினால், பட்டா என்று அடிப்பவருக்கு ப்டடா என்று வரும்.'

ஒப்பினார்கள். தமிழை மேலேயும் அதன் ஆங்கிலத்தைக் கீழேயும் போட்டார்கள். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. பத்தாம் நாள் புதிய பதிப்பு வந்தது. கடைக்காரர் அதைப் போட்டுவிட்டு, அந்த இடத்தைத் திறந்தும் காட்டினார். நான் வாசித்தேன். மறுபடி வாசித்தேன். அதற்குள் அந்த அம்மா ஒரு பட்டா மனுவையே அடித்து முடித்து, அச்செந்திரத்திலிருந்து தாளை உருவிக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்துச் சென்னைக்காரர் அவராகவே கூப்பிட்டார்.

"சார், நேத்து புதுசா ஒருத்தர் அந்த இடத்த நீக்கணும்னு வந்தார். நாங்க பதில் எழுதறதுக்குள்ள உங்க வரியப் படிச்சிட்டு, 'மன்னிக்கவும், வேண்டாம்'னு அவரே எழுதிட்டுப் போயிட்டார்."

நான் எத்தனையோ மனு அடித்திருக்கிறேன். எத்தனை பலித்தன என்று எனக்குத் தெரியாது. வாங்கிப் போகிறவர் திரும்பி வந்து சொல்வதில்லை. இது பலித்தது, அதுவும் நான் அந்த இடத்தில் இல்லாதபோது. உடனே பக்கத்து மேசையில் சொன்னேன். அந்த அம்மா விசையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"சந்தோசம்ணே. செத்த நேரம் பேசாம இருங்க, தப்பு விழுது."

எதிரே டீக்கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே போய் முதலிலிருந்து சொன்னேன்.