ஓங்கிலுக்குப் போட்ட சலாம்

நேற்றுக் காலை மருமகள் கூனி வறுத்துக்கொண்டிருந்தாள். பொடிப்பொடியாக இருக்குமே காய்ந்த இறால், அதுதான். வீடு முழுக்க வாசம். பேரன் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். நீலக்கடலில் டொல்பின்கள் கூட்டமாகத் துள்ளுகின்றன. படகு நிறைய வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து 'ஓ'வென்று கத்துகிறார்கள். கற்பிட்டியாம். காசு கட்டினால் கூட்டிப்போய்க் காட்டுவார்களாம்.

"தாத்தா, நீங்க டொல்பின் பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேனாவா! எங்கள் குடும்பத்தில் ஒருவர் அதற்குச் சலாமே போட்டிருக்கிறார். கூனி வாசமும் டொல்பினும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் என்னைப் போன்ற ஆள் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். நான் அறுபது வருஷத்துக்கு முன்னால் போய் விழுந்துவிட்டேன்.

அப்போது டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். சம்பள நாளென்றால் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் திருவிழாதான். வளையல்காரர் வருவார், துணி மூட்டையோடு முஸ்லிம் வியாபாரி காக்கா வருவார், உடப்பிலிருந்து கூனியும் கருவாடும் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். உடப்பு, சிலாபத்துக்கு அங்கிட்டு இருக்கிற மீன்பிடி ஊர். அவருக்கு முன்னால் அவர் மூட்டையின் வாசம் வந்து சேர்ந்துவிடும். கூனி மாமா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கடற்கரை உடம்புக்கு எங்கள் ஊர்க் குளிர் ஆகாது. எங்கள் வீட்டு அடுப்படியில் ஒட்டி உட்கார்ந்துதான் தேத்தண்ணி குடிப்பார். அப்படி உட்கார்ந்த ஒரு நாள் அப்பாவிடம், "எனக்கு ரெண்டு பொண்ணுங்க" என்று ஆரம்பித்தார். அப்பாவுக்கு மீதி புரிந்துவிட்டது. வீட்டில் கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்த என் அண்ணன் முத்துச்சாமி இருந்தார்.

அண்ணன் சில்லறைக் கங்காணி. கொழுந்து மலையில் பெண்களை வேலை வாங்குகிற உத்தியோகம். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் ஒரு கம்பு. அவர் ஒரு சத்தம் போட்டால் அடுத்த மலையில் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும். ஆளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்தக் கம்பால் அவர் ஒரு கோழியைக்கூட விரட்டியதில்லை.

அவர் பயந்தது ஒரே ஒருவருக்கு, தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரப் பெரிய துரைக்கு. துரை நல்ல பருமன். மலை ஏறினால் 'புஸ்ஸ்... புஸ்ஸ்...' என்று மூச்சு வாங்கும். எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் எதிரே நிற்பது மாடா மனுசனா என்றே தெரியாது. ஆள் தெரிவதற்கு முன்னால் துரையின் மூச்சு வந்துவிடும். அதனால் கங்காணிமாரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பனிக்குள் மூச்சுச் சத்தம் கேட்டால் முதலில் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும், சலாம் போட வேண்டும், யாரென்று பார்ப்பதெல்லாம் அப்புறம். சலாம் தவறினால், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் மானம் போகும். இந்தப் பழக்கத்தினால் எருமைகளும் தபால்காரரும் சலாம் வாங்கியிருக்கிறார்கள். ஒரு தடவை ஜலதோஷத்தோடு மேட்டில் ஏறிவந்த எனக்கே கிடைத்தது. நான் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சரி, பெண் பார்க்கப் போன கதைக்கு வருகிறேன். அப்பா, அண்ணன், நான், மூன்று பேரும் தலவாக்கலையில் ரயில் ஏறி, எங்கெங்கோ பஸ் மாறி உடப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் பெயர் துரோபதை. அவளுடைய அக்காவும் அந்த வீட்டில்தான் இருந்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் அடித்த அடி தாங்காமல் திரும்பி வந்தவள். யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அந்த அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் துரோபதை ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்றிருந்தாள். இந்த விஷயம் எங்களுக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். பலகாரமெல்லாம் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில், கதவுக்குப் பின்னாலிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

"கங்காணின்னா பொம்பளைங்கள கம்பால அடிப்பாங்களாமே, நெசமா மாமா?"

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. "அது... வழுக்காம ஊனிக்கிறதுக்கும்மா" என்றார். கம்பை வாசலிலேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம். அது அண்ணன் மடியில் கிடந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றது கதவு.

கூனி மாமா சங்கடப்பட்டுக்கொண்டு, "அவ சம்மதிச்சாத்தான். ஒருத்தி விஷயத்துல நான் பட்டது போதும்" என்றார். அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கதவு இடுக்கில் அவளை ஒரு நொடி பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறே இறங்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காகத்தான் மாமா, "மாப்பிள, காலைல வலை இழுக்கப் போறோம், வாங்களேன்" என்று கூப்பிட்டார். கடலைப் பார்த்தே அறியாத அண்ணன் உடனே சரியென்றார். தைரியசாலி என்றாவது பெயர் வாங்கலாமென்று நினைத்திருப்பார். அப்பா மட்டும், "நான் கரைய பாத்துக்கிறேன்" என்று நழுவிவிட்டார்.

விடிகிற நேரம். மாமா, அவருடைய மகன் கதிரேசன், நாங்கள் இருவர். அண்ணன் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக வந்து நின்றார். நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? மலையில் இறங்குவதற்கு முன்னால் அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொள்வோம். அந்தப் பழக்கதோஷத்தில் அங்கேயும் தேய்த்துக்கொண்டு, வள்ளத்தில் காலை வைத்ததும் சறுக்கி மல்லாக்க விழுந்தேன். கதிரேசன் விசாரித்துத் தெரிந்துகொண்டு, "கடல்லயும் அட்டை இருக்குங்க, ஆனா கடிக்காது" என்றான். அவன் அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

கரை மறைந்தது. கடல்மேல் லேசாகப் பனிப்புகார் கட்டியிருந்தது. கொஞ்சம் எங்கள் ஊர் மாதிரி இருக்கிறதே என்று எனக்குக்கூட ஆறுதலாக இருந்தது, வாந்தி எடுக்கிற இடைவெளிகளில். மாமாவும் கதிரேசனும் பேசாமல் வலையை இழுத்தார்கள். அண்ணன் நடுவில், மலைக்குப் போன தோரணையில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது.

'புஸ்ஸ்ஸ்...'

அண்ணன் யோசிக்கவேயில்லை. விருட்டென்று எழுந்தார். தலைப்பாகை ஒரு கையில். மற்றக் கை நெற்றிக்குப் போனது. "சலாங்க தொரெ!" என்று அந்தக் கடலே அதிரச் சொல்லிவிட்டு, முறைப்படி குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. வள்ளம் ஒருபக்கம் சரிந்தது, அண்ணன் தலைகுப்புறக் கடலுக்குள் போனார்.

"ஐயோ, மாப்பிள!" என்று மாமா வலையை விட்டார்.

அண்ணன் கோட்டோடு மேலே வந்தபோது அவரைச் சுற்றிலும் கறுத்துப் பளபளவென்று முதுகுகள். ஒன்று, இரண்டு, ஏழெட்டு. 'புஸ்... புஸ்...' என்று நாலாபக்கமும் துரைமார். அதில் ஒன்று தலையை வெளியே நீட்டி, அண்ணன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்த முகம். அதன் மூக்கு அவர் நெஞ்சை மெல்ல ஒரு தட்டுத் தட்டியது. அண்ணன் தண்ணீர் குடித்துக்கொண்டே அதற்கும் கையைத் தூக்கப் பார்த்தார். எனக்கு வாந்தி, மயக்கம் எல்லாம் ஓடிவிட்டன. அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு பெரிய உயிர்கள், ஒரு மனுசனுக்குக் கீறல்கூடப் படாமல் வளைந்து வளைந்து போனதை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

கதிரேசன் குதித்து, கோட்டு வாலைப் பிடித்து அவரை வள்ளத்துக்கு இழுத்தான். "பயப்படாதீங்க, ஓங்கிலு. ஒண்ணும் செய்யாது" என்றான். டொல்பினுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. வலைமேல் விழுந்து உருண்டு சிரித்தான்.

அண்ணன் நடுங்கிக்கொண்டே மாமாவைப் பார்த்தார். "உங்க மகளுக்கு இது தெரிய வேணாம் மாமா" என்றார். கரை வரும்வரை அவர் சொன்னது அது ஒன்றுதான். மாமா மகனிடம் அம்மன்மேல் சத்தியம் வாங்கினார். கதிரேசன் சத்தியம் செய்தான். வள்ளம் மணலில் தட்டுவதற்குள் கடற்கரை முழுக்கச் சொல்லியும்விட்டான்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது செய்தி எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. மாமாவின் சாரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அண்ணன் தலை குனிந்து நின்றார். துரோபதை கதவைத் திறந்துகொண்டு நேரே வந்தாள்.

"நெசமாவே சலாம் போட்டீங்களா?"

"மூச்சுச் சத்தம் கேட்டுச்சுங்க. யாரோ பெரியவங்கன்னு..." என்றார் அண்ணன். அவளையும் 'ங்க' போட்டுத்தான் பேசினார், பாவம்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்படியில் ஒரு சிரிப்புக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதோடு இன்னொரு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. மாமா திடுக்கிட்டு எழுந்தார். "மூத்தவ சிரிக்கிறா" என்றார் அப்பாவிடம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளேயிருந்து துரோபதையின் குரல் வந்தது. "ஓங்கிலுக்குச் சலாம் போடுற மனுசன், பொண்டாட்டிய அடிக்கவா போறாரு? சரின்னு சொல்லுங்கப்பா."

அண்ணி மலைக்கு வந்தார். குளிரோடு சண்டை போட்டார், அட்டையோடு சண்டை போட்டார், பிறகு எங்களில் ஒருவராகிவிட்டார். தீபாவளி, பொங்கல், சடங்கு, எதற்கு நாலு பேர் கூடினாலும் இந்தக் கதையை எடுத்துவிடுவார். "இவரு வாழ்க்கையில கையத் தூக்குனது ஒரே தடவதான், அதுவும் ஓங்கிலுக்கு" என்று முடிப்பார். உள் காம்பராவில் படுத்திருக்கிற அண்ணன் கதை நெடுகக் கோபமாக இருமிக்கொண்டிருப்பார். இருமல் கூடக்கூட அண்ணி கதையை நீட்டுவார்.

துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். சம்பள நாள் கடைகள் இல்லை. பனிமூட்டமும் முன்னைப்போல் இறங்குவதில்லை, இறங்கினாலும் யாரும் யாருக்கும் சலாம் போடுவதில்லை. அது போனதில் எனக்கு வருத்தமே கிடையாது. அண்ணன் போய்த்தான் மூன்று வருஷமாகிறது.

நேற்று பேரனைக் கூட்டிக்கொண்டு அண்ணியிடம் போனேன். போனில் ஓங்கில்களைக் காட்டினேன். ஆசையாகப் பார்த்தார். "நம்ம கதைய இவனுக்குச் சொல்லுங்க அண்ணி" என்றேன்.

அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். வள்ளம் கரையைவிட்டுப் போகிற இடம்வரை வந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டு உள் காம்பராப் பக்கம் பார்த்தார்.

"முடியல தம்பி" என்றார். "உள்ளேருந்து யாரும் இரும மாட்டேங்கிறாங்களே."