கோட்டுக்காரி அடித்த அடி

மைதானங்களிலிருந்து ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்பும் வேனில் அவள் இன்ஜினியர். எல்லா கேமராக்களின் படமும் அவள் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். அவள் முன்னால் இருக்கும் சின்னத் திரையில் படம் பச்சை அலையாக ஓடும். இருட்டு அடியில் கிடக்கும், வெளிச்சம் உச்சிக்கு ஏறும். குமிழைத் திருகி ஒரு கிடைக்கோட்டை அலையின் அடியிலும் இன்னொன்றை உச்சியிலும் நிறுத்துவாள். இரண்டுக்கும் நடுவே அலையின் உயரம் எழுநூறு மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் வெள்ளை பொங்கிப் படம் பாழ். நாள் முழுக்கக் கோட்டை நகர்த்திக்கொண்டிருப்பவளுக்குக் கோட்டுக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது.

மூன்று அண்ணன்களோடு அடித்துப் புரண்டு வளர்ந்தவள். வாயைவிடக் கை முந்தும். கூட்டத்தில் இடுப்பைக் கிள்ளிய ஒருத்தனின் மூக்கை வேன் கதவிலேயே உடைத்திருக்கிறாள். வேனை ஓட்டியவர் அவளுடைய மாமா, அக்கா வீட்டுக்காரர். "உன்னைக் கட்டிக்கப் போறவனுக்கு நானே ஹெல்மெட் வாங்கித் தரேன்" என்பார். அவர் ஒருவரிடம்தான் அவள் அடங்கிப் போவாள்.

அன்று கால்பந்து இறுதி ஆட்டம். மேகமூட்டமான மதியம். முடியப்போகிற நேரத்தில் உள்ளூர் அணிக்காரன் தலையால் முட்டிய பந்து கம்பத்தில் பட்டு, கோல் கோட்டருகே விழுந்தது. கோல்கீப்பர் வாரிக்கொண்டான். நடுவர் கோல் இல்லை என்று கையை ஆட்டினார்.

பந்து விழுந்த அதே நொடியில்தான் மேகம் விலகி வெயில் கொட்டியது. அவள் வேறொரு கேமராவை அளந்துகொண்டிருந்தாள். திரும்புவதற்குள் கோல் கேமராவின் அலை மேல்கோட்டைத் தாண்டி, உச்சியில் தட்டையாக முட்டி நின்றது. கேமராவின் கண்ணைச் சட்டென்று சுருக்கினாள். ஆனால் பந்து விழுந்த காட்சி போனது போனதுதான். மைதானத்தின் பெரிய திரையில் அதையே திரும்பக் காட்டினார்கள். கோல் வாசல் முழுக்க வெள்ளை. கோட்டையே காணோம்.

"கோட்டை அழிச்சிட்டானுங்கடா!" என்று எவனோ கத்தினான். "எல்லாம் அந்த வேன்லதான் நடக்குது!"

கல் விழுந்தது. பிறகு கல்மழை. முன்கண்ணாடி நொறுங்கியது. டிரைவர் இறங்கி, "தம்பி, அழிக்கிற வேலையெல்லாம் இங்க கிடையாதுப்பா…" என்று ஆரம்பித்தார். செங்கல் ஒன்று அவர் வாயில் வந்து விழுந்தது. சட்டையைப் பிடித்துத் தரையில் சாய்த்தார்கள்.

வேன் கூரைமேல் நின்ற கேமராமேன் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினான். வேனுக்குள் அவள் அதைத் திரையில் பார்த்தாள். மாமாவின் விலாவில் உதை மேல் உதை. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அவர் நெஞ்சின்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தான்.

"கதவைத் திறக்காதே! எல்லாரும் செத்தோம்!" என்று உள்ளே இருந்த ஒளிபரப்பு டைரக்டர் அலறினார்.

கேமரா முக்காலியின் இரும்புக் காலை உருவிக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள்.

முதல் அடியில் ஒருவன் தோள் இறங்கியது. அடுத்ததில் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். சிவப்புச் சட்டைக்காரன் திரும்பியதும், இரும்பு அவன் தாடையில் இறங்கியது. பல்லும் ரத்தமுமாகத் துப்பியபடி அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவனை அவள் மறுபடி, அதே இடத்தில் அடித்தாள்.

உடைந்த பாட்டில் ஒன்று அவள் இடது கண்ணில் பாய்ந்தது. திறந்த கதவு வழியாகக் கூட்டம் உள்ளே புகுந்தது. உள்ளே இருந்த சவுண்ட் இன்ஜினியரின் கையை முறுக்கி ஒடித்தார்கள். வேனை ஆட்டி ஆட்டிக் கவிழ்த்தார்கள். போலீஸ் வந்து தடியால் விளாசித்தான் கூட்டம் கலைந்தது.

மாமா பிழைத்தார், மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு இடது கண் போயிற்று.

விசாரணையில் அந்தப் பதிவை அளந்து சொல்லச் சொன்னார்கள். ஒரு கண்ணில் கட்டோடு திரைமுன் உட்கார்ந்து, கூட்டல் குறி ஒன்றைப் படத்தின்மேல் நகர்த்தினாள். குறி நிற்கிற இடத்தின் வெளிச்சத்தை ஓரத்தில் எண் காட்டும். கோடு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். பக்கத்து மண்ணில் வைத்தாள். பந்தில் வைத்தாள். எண் அசையவே இல்லை.

கம்பி கட்டிய தாடையோடு சிவப்புச் சட்டைக்காரனும் அங்கே இருந்தான். "அப்ப அது கோலா, இல்லையா?" என்று பல்லிடுக்கில் கேட்டான்.

"தெரியாது. கோடு, மண்ணு, பந்து எல்லாம் ஒரே வெள்ளை. யாரும் அழிக்கல. இனிமே யாராலயும் அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது."

"இதுக்கா என் தாடையை உடைச்சே?"

"இதுக்கில்ல. எங்க மாமாவை மிதிச்சதுக்கு." கண்கட்டைச் சரிசெய்துகொண்டாள். "ரெண்டாவது அடி எதுக்குன்னு மட்டும் கேட்டுடாதே. எனக்கே தெரியல."

அவனுக்குச் சிறை. அவளைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். புது வேனில் மறுபடி வேலைக்குப் போனாள். மாமாவால்தான் பிறகு வண்டி ஓட்ட முடியவில்லை. ஒருநாள் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு அந்தச் சண்டைக்குப் போனது.

"அவனை ரெண்டோட விட்டியே. இன்னும் ஒண்ணு சேர்த்துப் போட்டிருக்கணும்" என்றாள் அக்கா.

"அப்படிச் சொல்லாதேக்கா."

"ஏன்டி? நீ செஞ்சது தப்பா?"

"அவளைச் சாப்பிட விடு" என்றார் மாமா.

அவள் தட்டை அப்படியே நகர்த்திவிட்டுக் கை கழுவ எழுந்தாள்.